மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாத்திரை

செல்வி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மாவக் கூட்டிட்டு வந்துருங்க மாமா. அண்ணன் அங்க வச்சிப் பாக்கது வைத்தியமே இல்ல."

செல்வி என் அக்கா மகள். எங்கள் ஊரிலேயே, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டிருக்கிறாள். சங்கரன்கோவிலிலிருந்து தென்காசிப் பக்கம் போகிற வழியில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அங்கே நான் நெடுங்காலமாக மருந்துக்கடை நடத்துகிறேன். என் அக்கா பேச்சியம்மாள் கல்யாணமானதும் கொச்சிக்குப் போனவள். அத்தான் அங்கே நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தார். அவர் போன பிறகு மகன் முருகேசனோடு மட்டாஞ்சேரியில் இருந்தாள். சென்ற வருடம் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கொஞ்ச காலம் மருந்து ஏற்றினார்கள். பிறகு ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்தை உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாக முருகேசன் போனில் சொன்னான்.

"வீட்ல வச்சிப் பாருங்கன்னா என்ன அர்த்தம்? கைய விட்டாச்சுன்னு அர்த்தம்," என்றாள் செல்வி. மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பேசிக் கட்டிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அக்காவின் ரேஷன் கார்டு கேரளத்தில் இருப்பதால் இங்கே உள்ள காப்பீடு அவளுக்குச் செல்லாது. செலவுக்காகச் செல்வி தன் நகையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

அவள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. வைத்திய விஷயத்தில் எங்கள் பக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சுவலி என்று ஒருவர் உட்கார்ந்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் அந்த வாரமே கூப்பிட்டுவிடுவார்கள். அப்படி ஊர் இருக்கும்போது அக்கா ஏன் அங்கே ஒரு சின்ன வீட்டில் சும்மா படுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் செங்கோட்டை வழியாக ரயிலேறினேன்.

எறணாகுளத்தில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டேன். நம் ஊரில் புட்டு சர்க்கரைக்கும் தேங்காய்க்கும் உரிய பண்டம். இங்கே அதைக் காரக் குழம்பில் உடைத்துப் போட்டு, ஆண்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஒரு கரண்டி குழம்பு அதிகமாக ஊற்றினார்.

புதிதாக விட்டிருக்கும் ஏசி படகில் கூட்டமாக இருந்தது. பழைய அரசுப் படகில் ஏறினேன். வெலிங்டன் தீவைத் தாண்டியதும் படகு முக்கி முனகி நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை பெரிய பாயை விரித்ததுபோல மிதந்து வந்து அடியில் இருக்கும் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகுக்காரர்களில் ஒருவர் கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாரும் பதறவில்லை. இது வழக்கம்போலும்.

என் முன்னால் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மலையாளம் அத்தான் காலத்தில் வந்துபோய்க் கற்றது. புரியும், பேச வராது. ஒருத்தி மாமியாரின் முழங்கால் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். "ஜெனரல் ஆஸ்பத்திரியில் காசு போகாது, நாள்தான் போகும். பிரைவட்டில் நாள் போகாது, மிச்சமெல்லாம் போகும்." மற்றவள், "அதுக்குத்தான் என் நாத்தனார் கோயம்புத்தூருக்குப் போனாள்," என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நான் வந்த காரியம் சரியானதுதான்.

மட்டாஞ்சேரியில் இறங்கி பஜார் வழியாக நடந்தேன். கிடங்குகளின் வாசலில் சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. சுக்கும் மிளகும் கருவாடும் சாக்கடையும் சேர்ந்த அந்த வாசனை, அத்தான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. முருகேசன் வீடு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். ஓர் அறை, ஒரு சமையலறை, மொட்டைமாடிக்கு ஒரு மரப்படி. சந்து முழுக்க இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்.

அக்கா கத்திக்கொண்டு கிடப்பாள் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணும் தோலும் மஞ்சள். ஆனால் முகத்தில் வலி இல்லை.

"வந்துட்டியா கணேசா. சாயா குடிச்சியா?" என்றாள்.

"குடிச்சேங்க்கா. உனக்கு எப்படி இருக்கு?"

"இப்பக் குழப்பமில்ல, நோவு தெரியல. ராத்திரி ஒறங்குதேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பைய எடுத்து வச்சிட்டேன்," என்று கட்டிலுக்குக் கீழே காட்டினாள். "என்னைக்குப் போறோம்?"

சமையலறை வாசலில் நின்ற முருகேசன் மனைவி லதா அதைக் கேட்டுவிட்டாள். உடனே உள்ளே திரும்பிக்கொண்டாள்.

முருகேசன் சுக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை முடித்து மாலையில் வந்தான். மதிய வெயில் பட்டுக் கறுத்த முகம். என்னைக் கண்டதும் சிரித்தான், பிறகு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டான். லதா கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் வைத்தாள். சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான்.

"செல்வி சொல்றதுல பாதி சரிதான் மாமா. ஆரம்பத்துல இங்க நேரமாயிப்போச்சு. வயித்து வேதனைன்னு போனா கேஸ் டிரபிள்னாங்க. ஸ்கேனுக்கு டேட் தந்தது ரொம்பத் தள்ளி. பொறுக்க முடியாமப் பிரைவட்ல எடுத்தோம். லதாட தங்க மாலைய வித்துத்தான் எடுத்தது. ரிசல்ட் வரும்போ பரவியாச்சு. அம்மா உங்க ஊர்ல இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அது எனக்கும் தெரியும்."

"அப்ப இப்பக் கூட்டிட்டுப் போறதுக்கு என்னப்பா?"

அவன் கையை இலையில் வைத்தபடி யோசித்தான். "நாளைக்குக் காலைல சிஸ்டர் வருவாங்க. அவங்களப் பாத்துட்டு நீங்க தீருமானிங்க. நான் தடுக்க மாட்டேன்."

அன்றிரவு அக்கா தூங்கினாள். கொசுக்கடியில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிற நேரம் தாண்டிவிட்டது. லதா இரண்டு முறை சந்து முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "மழைக்காலத்துல ஒருக்கா வண்டி வரல்ல மாமா," என்று லதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மருந்தும் தீந்துபோச்சு. ஒரு பகல் முழுக்க அம்மா வேதனையில கரைஞ்சு அழுதாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நின்னாங்க. அதுல இருந்து நேரம் கொஞ்சம் தாண்டினாலே எங்களுக்குப் பேடி, பயம் வந்துரும்."

கடைசியில் ஜெஸி சிஸ்டர் நடந்தே வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். வியர்த்துக் கொட்டியது. பஜாரில் அரிசி லாரி குறுக்கே நின்றதால் ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அரசுச் சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போகும் குழுவின் நர்ஸ் அவர். இந்தக் குழுவைச் சந்தில் எல்லோரும் 'பாலியேட்டிவ்காரங்க' என்கிறார்கள். பால்காரர், பேப்பர்காரர் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக அந்தச் சொல் அவர்கள் வாயில் வருகிறது. குணமாகாத நோயாளியை வீட்டிலேயே வந்து பார்க்கிறவர்கள் என்று பொருள்.

சிஸ்டர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. "அம்மே, வெளிக்குப் போச்சா?" என்றுதான். எனக்குச் சுருக்கென்றது. மலத்தை இறுகக் கட்டிவிடும் எந்த மாத்திரைக்கு அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் முதுகைத் திருப்பிப் பார்த்தார், புண் ஏதும் இல்லை என்று லதாவைப் பாராட்டினார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். கடைசியில் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து லதாவிடம் கொடுத்தார். நான் வாங்கிப் பார்த்தேன்.

மார்ஃபின் மாத்திரை.

என் கடையில் அலமாரி அலமாரியாக மருந்து இருக்கிறது. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு, எந்தக் கம்பெனி கேட்டாலும் எடுத்துத் தருவேன். இந்த மாத்திரை ஒரு நாளும் என் கடைக்குள் வந்ததில்லை. தனி அனுமதி வேண்டும், தனிக் கணக்கு வேண்டும், போலீஸ் கேட்கும் என்று வியாபாரத்துக்கு வந்த புதிதில் பயமுறுத்திவிட்டார்கள். அதன் பிறகு சட்டத்தை எளிதாக்கினார்கள் என்கிறார்கள். பயம் எளிதாகவில்லை. எழுதித் தரும் டாக்டர் எங்கள் ஊரில் இல்லை, அதனால் கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லை, அதனால் வைப்பவரும் இல்லை.

என் மனைவி செண்பகத்துக்குக் கர்ப்பப்பையில் இதே நோய் வந்தது. ஆபரேஷனை நேரத்தோடு செய்தார்கள், கதிர் வைத்தியமும் ஒழுங்காக நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களுக்குத்தான் எங்கள் பக்கம் யாரிடமும் ஒன்றும் இல்லை. இந்த மாத்திரைக்காக நான் மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குக் கொடுப்பார்கள். தீர்வதற்குள் மறுபடி போக வேண்டும். நோயாளியைக் காட்டு என்பார்கள். கடைசியில் அவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் போனது. அந்த நாட்களைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

சிஸ்டர் கிளம்பும்போது சந்து முனை வரை கூடவே போனேன். அக்காவைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறேன், கூடவே மாத்திரை தருவீர்களா என்று கேட்டேன். அவர் நின்று, பையைத் தோள் மாற்றிக்கொண்டு மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"டாக்டர்கிட்ட சொல்லிக் கொஞ்ச நாளைக்குத் தர வைக்கிறேன். அது தீர்ந்தா அங்க ஒருத்தர் எழுதித் தரணும், ஒருத்தர் வந்து பாக்கணும். அதை முதல்ல விசாரிங்க. இருக்குன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க, மகளைப் பாக்க ஆசைப்படுறாங்க. இல்லைன்னா வேண்டாம். இதை நடுவுல நிறுத்தினா ரொம்பத் துன்பப்படுவாங்க."

"நீங்க எப்பவும் வருவீங்களா?" என்றேன்.

"நான் ஒப்பந்த வேலைதான் சேட்டா. வீடுகள் கூடிக்கிட்டே போகுது, ஆள் கூடல. நான் இல்லைன்னா வேற ஒருத்தர் வருவாங்கன்னு நம்புறேன்," என்று சொல்லிவிட்டு அரிசி லாரியைச் சுற்றிக்கொண்டு போனார்.

பஜாரில் ஒரு பூட்டிய கிடங்கின் படியில் உட்கார்ந்து போன் செய்ய ஆரம்பித்தேன். முதலில் செல்வி ஏற்பாடு செய்த மதுரை ஆஸ்பத்திரி. மணி அடித்தவுடன் எடுத்தார்கள். மரியாதையான பெண் குரல்.

"பெட் ரெடியா இருக்கு சார். ஆம்புலன்ஸ் நாங்களே அனுப்பணுமா? வந்த அன்னைக்கே எல்லா டெஸ்டும் முடிச்சிரலாம்."

"வலிக்கு என்னம்மா குடுப்பீங்க? மார்ஃபின் உண்டா?"

கொஞ்ச நேரம் இசை ஒலித்தது. பிறகு ஓர் ஆண் பேசினார். "அட்மிஷன்ல இருக்கிற வரைக்கும் ஊசி போடுவோம் சார். டிஸ்சார்ஜ் பண்ணினா வீட்டுக்கு அது தர்றதில்ல. வேற பெயின் கில்லர் எழுதித் தருவோம்."

"வீட்டுக்கு வந்து பாக்க யாராவது?"

"உங்க ஊர் வரைக்கும் வர முடியாது சார். பேஷன்ட் இங்கயே இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அங்கேயே இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லைதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செல்வி நிற்பாள், உள்ளே அக்கா இருப்பாள், பார்வை நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். நகை தீரும் வரை அது நடக்கும்.

அடுத்து எனக்கு மருந்து போடும் மொத்த வியாபாரியைக் கூப்பிட்டேன். "அந்த வம்பு நமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்றார். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தெரிந்த மருந்தாளுநரைக் கூப்பிட்டேன். மாவட்டத் தலைநகரில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, வாரத்தில் சில நாள் பார்க்கிறார்கள், வீட்டுக்கு வர ஒரு வண்டியும் உண்டு, ஆனால் நம் ஊர் வரை அது வந்து தான் பார்த்ததில்லை என்றார். நல்ல மனிதர். "முயற்சி பண்ணலாம்" என்றும் சொன்னார். அக்காவிடம் முயற்சி செய்து பார்க்கிற அளவுக்கு நேரம் இல்லை.

வெயில் ஏறும் வரை அந்தப் படியிலேயே இருந்தேன். ஒரு சுமைகாரர் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, மூட்டையை இறக்கிவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அன்று முழுவதும் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மறுநாள் காலையில் லதா அவளைத் துடைத்துவிட்டு வேறு சேலை மாற்றியபின், கஞ்சியும் பயறும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் எங்களைத் தனியாக விட்டாள் என்று நினைக்கிறேன்.

நாலு வாய் குடித்துவிட்டு அக்கா "மதி" என்றாள். போதும் என்பதற்கு இப்போது அவளுக்கு அந்தச் சொல்தான் வருகிறது.

"அக்கா, உனக்கு செல்விகிட்டப் போகணுமா? இல்ல, இங்க இருக்கக் கஷ்டமா இருக்கா?"

"இங்க என்ன கஷ்டம்? இந்தப் பிள்ள எனக்கு மலமும் மூத்திரமும் எடுக்கா. பெத்த மக பாக்க மாட்டா இப்படி. அதுதான் கஷ்டம். இருக்கது ஒத்த ரூம். முருகேசன் படியில ஒறங்குதான். நான் அங்க வந்துட்டா இவங்க கொஞ்சம் மூச்சு விடுவாங்கல்லா."

"செல்வியப் பாக்கணும்னு இல்லையா?"

"அதுவுந்தான்."

நான் சொன்னேன். மாத்திரையைப் பற்றி, மதுரையைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். நோயாளியிடம் இதையெல்லாம் சொல்வார்களா என்று யாரும் கேட்கலாம். அவளுக்குத் தெரியாமல் அவள் உடம்பைப் பற்றி முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கடையிலயே இருக்காதா கணேசா?"

"இல்லக்கா."

"அவ்வளவு பெரிய கட வச்சிருக்க."

"இல்லக்கா," என்றேன் மறுபடியும்.

வெளியே யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "செண்பகத்துக்கும் இது கெடைக்காமத்தான் அப்படிக் கெடந்தாளா?"

நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். அவள் மெலிந்த கையை நீட்டி என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல," என்றாள் பிறகு. "செல்விய இங்க வரச்சொல்லு. கோவிச்சிக்கிடுவா. அதுக்கென்ன, வந்து கோவிக்கட்டும்."

செல்வி கோபித்துக்கொண்டாள். போனில் அவள் பேசியதை எல்லாம் எழுத வேண்டியதில்லை. "நீங்களும் அவன் பேச்சக் கேட்டுட்டிங்களா? மருந்துக்கடைக்காரர்னு நம்பி அனுப்பினேன். ஒரு மாத்திரைக்காகவா எங்க அம்மாவ விட்டுட்டு வரப் போறீங்க?" என்றாள். "நீ வந்து பாரு தாயி, பாத்துட்டு என்ன சொன்னாலும் கேக்கேன். அப்பவும் கூட்டிட்டுப் போகணும்னா நானே தூக்கிட்டு வாரேன்," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆனால் வந்தாள். எறணாகுளத்துக்கு நான் போய்க் கூட்டி வந்தேன். இந்த முறை பஸ்ஸில் வந்தோம். தோப்பும்படிப் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட, அவள் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனைத் தாண்டி, லதாவைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்கம். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலையணைக்கு அடியில். மூச்சு ஒழுங்காக வந்து போனது. செல்வி எழுப்பப் போனவள் நின்றுவிட்டாள். தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். என் வீட்டில் செண்பகத்துக்கு இரவும் பகலும் கூட இருந்து பார்த்தவள் அவள். இந்த நோயில் ஒருத்தி எப்படிக் கிடப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

லதா சாயா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். செல்வி அதை எடுக்கவில்லை. லதாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். முருகேசன் சந்தில் இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். நான் பார்க்காதது போல இருந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து, செல்வி அங்கே தங்குவது என்றும் நான் ஊர் திரும்புவது என்றும் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மாடியறையைச் செல்விக்கும் முருகேசனுக்கும் படுக்கக் கொடுத்தார்கள். நான் கிளம்பும்போது அக்கா, "கடையத் தெறந்து வையி. நாலு பேர் வருவாங்கல்லா," என்றாள்.

திரும்பும் ரயிலில் கொல்லத்தில் ஒரு கணவன் மனைவி ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். புனலூர் தாண்டி மலை ஏறும்போது அந்தம்மா பேச்சுக் கொடுத்தார். புருஷனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர்கள் ஊரில் ஆபரேஷனுக்கான தேதி தள்ளிக்கொண்டே போனதாம், தனியாரில் செய்ய வசதியில்லை. மதுரையில் குறைந்த செலவில் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மொழி தெரியாத ஊருக்குத் தைரியமாகக் கிளம்பிவிட்டார்கள்.

"அங்க நல்லா பாப்பாங்களா?" என்று அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவர் பார்வை இருந்தது.

"நல்லா பாப்பாங்க. கண்ணுக்கு எங்க பக்கம்தான். தைரியமாப் போங்க," என்றேன். அது உண்மை. எந்த பஸ் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தம்மா பொட்டலத்தைப் பிரித்து, வாழைப்பழ பஜ்ஜி போன்ற பழம்பொரி கொடுத்தார். சுரங்கப் பாதைக்குள் ரயில் போனது. ஒரே ரயில் கண்ணுக்காகச் சிலரை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. வலிக்காக யாரையும் அந்தப் பக்கம் கொண்டுபோக அதனால் முடியாது. படுத்துக் கிடப்பவர்கள் ரயிலேற மாட்டார்கள். அவர்களுக்கு எது கிடைக்கும் என்பது அவர்கள் எந்த ஊரில் படுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே நாடு, நடுவில் ஒரு மலை.

அக்கா மார்கழி பிறப்பதற்கு முன் போய்விட்டாள். நான் மறுபடி மட்டாஞ்சேரி போய்க் காரியம் முடித்துவிட்டு வந்தேன். ஜெஸி சிஸ்டர் வந்து ஓரமாக நின்றுவிட்டு, மீதியிருந்த மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் மதியம் செல்வி கடைக்கு வந்தாள். ஆள் இல்லாத நேரம். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசி வாரம் பேச்சு கொறஞ்சிட்டு மாமா. ஆனா வலின்னு சொல்லல. போறதுக்கு முந்தின நாள் எனக்குத் தல வாரிவிட்டாங்க. கை நடுங்கிச்சி. வேண்டாம்மான்னேன், கேக்கல. வாரி, பின்னலும் போட்டுவிட்டாங்க."

நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நம்ம ஊர்ல இது வேணும்னா யாரப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும், அவர் அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றேன். நான் ஒரு தடவை போய்க் கேட்டதையும், பார்க்கலாம் என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப திரும்பக் கேப்போம்," என்றாள்.

இருவரும் போனோம். டாக்டரம்மா வெளியே வரிசை நின்றும் எங்களை உட்காரவைத்துக் கேட்டார். தனக்கும் ஆசைதான், ஆனால் ஆள் பற்றாது, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினார் என்றும் தெரிகிறது. அந்த மாத்திரை இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை. செல்வி மட்டும் ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.

போன அம்மா போயாச்சு, இன்னும் எதுக்கு அங்கே நடக்கிறாய் என்று அவள் வீட்டுக்காரர் கேட்டாராம்.

"எங்கம்மா தூங்கினத நான் பாத்தேன்," என்று சொன்னாளாம்.